தூண் பர்மாத் தேக்குதானா?

போன வருஷம் படைப்புக்காக, அதாவது குடும்பத்து முன்னோர் வழிபாட்டுக்காக, தம்பி குடும்பம் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தது. எட்டாவது படிக்கும் அவன் மகள் வளவில், வீட்டின் உள் முற்றத்தில், ஒரு மூலைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். கை இரண்டும் எட்டவில்லை. "எல்லாம் பர்மாத் தேக்கு, ஆத்தா" என்றேன். வீடு பார்க்க வருகிற எல்லாரிடமும் நான் சொல்வதுதான். அவள் தூணை விடாமலே, "உங்களுக்கு எப்படித் தெரியும், பெரியப்பச்சி?" என்று கேட்டாள்.

நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். யாரும் அதுவரை அப்படி நிறுத்திக் கேட்டதில்லை. சட்டென்று பதில் வரவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று பதில்கள் கிடைத்தன. அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, மனிதருக்கு எதுவுமே ஐயமறத் தெரியுமா என்ற பழைய கேள்வியை இங்கே விளக்கப் பார்க்கிறேன். தத்துவம் படித்திராதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இதற்குள் நுழைய ஒரு தூண் போதும்.

முதல் பதில் அவளுடைய அப்பத்தா, அதாவது என் தாயார், சொன்னது. "எங்க மாமனாரு சொல்லுவாக, ரெங்கூன்லருந்து கப்பல்ல வந்த மரமுன்னு."

இரண்டாவது, அன்று இரண்டாம் கட்டுக் கதவைச் சரிபார்க்க வந்திருந்த ஆசாரி சொன்னது. தூணின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உளியால் லேசாகச் சுரண்டினார். மோந்து பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார். "தேக்குங்கிறதுக்கு நான் பொறுப்பு. பர்மாவா, நம்ம மலைத் தேக்கான்னு மரத்த மட்டும் பாத்துச் சொல்ல மாட்டேன். ஆனா இம்புட்டுக் கனம், முடிச்சே இல்லாம, ஒரே மரமா இருக்கு. அந்தக் காலத்துல அங்கருந்துதான் வந்திருக்கணும்."

மூன்றாவது பதில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. வீடு கட்டிய காலத்துப் பேரேட்டில் ரங்கூன் மரம், கப்பல் கூலி, வண்டிக் கூலி என்று வரிசையாகப் பற்று எழுதியிருக்கிறது.

ஒருவர் காதால் கேட்டதைச் சொன்னார். ஒருவர் கண்ணாலும் மூக்காலும் அறிந்ததைச் சொல்லி, அதிலிருந்து அடுத்த முடிவுக்குப் போனார். மூன்றாவது, எழுத்து. நமக்குத் தெரிந்ததாக நாம் நினைக்கும் ஏறத்தாழ எல்லாமே இந்த வழிகளில் வந்து சேர்ந்தவைதான். நம் பிறந்த நாள் நமக்குத் தெரியும் என்கிறோம். பிறந்ததைப் பார்த்த நினைவு யாருக்கு இருக்கிறது? சொல்லக் கேட்டதுதான்.

இந்த வழிகளைத் தமிழில் 'அளவை' என்று அழைத்தார்கள். நெல்லை மரக்காலால் அளப்பது போல, உண்மையை அளந்தறியும் கருவி. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆவது காதையில் இதுபற்றி விரிவான பகுதி ஒன்று உண்டு. வஞ்சி மாநகரில் மாதவர் வடிவம் கொண்ட மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவர்கள் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிற அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உவமம் (ஒப்பிட்டு அறிவது), ஆகமம் (நூல்வழி அறிவது) என்று தொடங்குகிறது அந்தப் பட்டியல். அதில் எனக்குப் பிடித்தது ஐதிகம். உலகத்தார் சொல்கிறார்கள் என்பதால் இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று தெளிவது. அதையும் ஓர் அறியும் வழியாகவே அவன் எண்ணுகிறான். எங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டுக்கு வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நாங்கள் வழிவழியாகக் கேட்டுவருகிறோமே, அதுவும் அந்த வகையில்தான் சேரும். மணிமேகலையும் அந்தப் பட்டினத்துப் பெண்தான் என்பதால் அந்தக் காதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சொந்தக்காரப் பெண் வாதம் செய்வதைக் கேட்பது போல இருக்கும்.

அந்தக் காதையின் முடிவில் பூதவாதி என்றொருவன் வருகிறான். கண்கூடாகக் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன், கருதி அறிவதெல்லாம் செல்லாது என்கிறான். நம் காலத்திலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்பது உறுதியான நிலைபோலத்தான் தோன்றும். மணிமேகலை அவனைக் கேட்ட கேள்வி ஒன்றே: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய்?

கண்ணை மட்டும் நம்புவேன் என்றால் பெற்றவர்களையே விட்டுக்கொடுக்க வேண்டிவரும். சரி, காதையும் கருத்தையும் சேர்த்தே நம்பலாம் என்றால் அவையும் தவறுகின்றன. என் தாயார் கேட்டது தவறாக இருக்கலாம். ஆசாரிக்கு மூக்கடைப்பு இருந்திருக்கலாம். கணக்கெழுதியவர் வேறு மரத்தை ரங்கூன் மரம் என்று பதிந்திருக்கலாம். 'தெரிகிறது' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படுவதற்கும் அதுதான், மனதுக்கு விளங்குவதற்கும் அதுதான். மொழியே இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறது. ஆனால் கானல் நீரும் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது.

இந்த இடத்தில் என் தம்பி மகளைப் போலவே கேள்வியை விடாமல் பிடித்தவர்கள் பழைய கிரேக்க நாட்டு ஐயவாதிகள். நீ எதைச் சொன்னாலும் 'அது எப்படித் தெரியும்' என்று கேட்பேன் என்றார்கள். தூண் பர்மாத் தேக்கு, எப்படித் தெரியும்? பேரேட்டில் இருக்கிறது. பேரேடு சரி என்று எப்படித் தெரியும்? கணக்கப்பிள்ளை நாணயமானவர். அது எப்படித் தெரியும்? இப்படியே போனால் மூன்றே வழிதான். ஒன்று, காரணத்துக்குக் காரணம், அதற்கொரு காரணம் என்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அல்லது சுற்றி வர வேண்டும்: கணக்கப்பிள்ளை நாணயமானவர் என்பது பேரேடு சரியாக இருப்பதால் தெரியும், பேரேடு சரி என்பது அவர் நாணயமானவர் என்பதால் தெரியும். மூன்றாவது, ஓரிடத்தில் காலை ஊன்றி 'இதற்கு மேல் கேட்காதே' என்று நிறுத்திவிட வேண்டும். மூன்றில் எதுவும் மனசுக்கு நிறைவாக இல்லை. இரண்டாயிரம் வருஷமாக இந்த முடிச்சை ஒருவரும் எல்லாரும் ஒப்பும்படி அவிழ்க்கவில்லை. எளிய விளக்கம் என்பதால் இதை நான் மறைக்கக் கூடாது.

காலை ஊன்ற அசையாத ஓர் இடம் கிடைக்காதா என்று தேடியவர்களில் பெயர் பெற்றவர் பிரான்ஸ் நாட்டு டெக்கார்ட். 1641இல் வெளியான நூலில் அவர் ஐயப்படக்கூடிய எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டே போனார். கண் ஏமாற்றும், விலக்கு. இப்போது காண்பது கனவாக இருக்கலாம், விலக்கு. இரண்டும் மூன்றும் ஐந்து என்பதில்கூட வல்லமையுள்ள ஒரு வஞ்சகன் நம்மைக் குழப்பியிருக்கலாம், அதையும் விலக்கு. கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஏமாறுவதற்கும் ஒருவன் வேண்டுமே. ஐயப்படுகிற நேரத்தில் ஐயப்படும் நான் இருக்கிறேன் என்பதை ஐயப்பட முடியாது. அழகான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வளவுத் தூண்வரை வந்து சேர முடியவில்லை. அவர் கடவுளின் நன்மையைத் துணைக்கு அழைத்துத்தான் வெளியுலகத்துக்குத் திரும்பினார். அந்தப் பாலத்தின் வலிமையில் அவர் காலத்திலிருந்தே பலருக்கு ஐயம்.

செட்டிநாட்டுக்காரனான எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஸ்காட்லாந்து நாட்டு ஹியூம். 1734இல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வணிகரிடம் சில மாதங்கள் வேலை பார்த்தவர். நம்மூர் வழக்கில் சொன்னால் பெட்டியடியில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார். 1739இல் வெளியான முதல் நூலில், கணக்கு ஒன்றாவது ஐயமற்றதா என்ற கேள்விக்கு அவர் வணிகர்களையே சாட்சிக்கு அழைக்கிறார். எண்கள் தவறாதவை என்பது உண்மையாக இருக்கலாம், கூட்டுகிறவன் தவறுவான். அதனால் பெரிய கணக்கில் எந்த வணிகரும் எண்களின் உறுதியை மட்டும் நம்பி இருப்பதில்லை. கணக்கை எழுதும் முறையின் அமைப்பாலேயே பிழைக்கு எதிராக ஒரு காவல் ஏற்படுத்திக்கொள்கிறார்கள் என்கிறார்.

அந்த வரிகளைப் படித்தபோது எங்கள் வீட்டு ஐந்தொகைகள்தான், வரவையும் பற்றையும் ஒத்துப்பார்க்கும் கணக்குத் தாள்கள்தான், கண்முன் வந்தன. பர்மாவிலோ மலாயாவிலோ இருந்த கடையைப் பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்குப் போன ஏஜெண்டு பார்த்துக்கொண்டார். முதலாளி கடலுக்கு இந்தப் பக்கம். கடையில் நடப்பதை அவர் கண்ணால் பார்க்க வழியில்லை. அவரிடம் வந்து சேர்ந்தது காகிதம் மட்டுமே. ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு எங்கோ நிற்க வேண்டும், இரு பக்கமும் கூட்டினால் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்பது உறுதி. ஒத்துவந்தால்? பிழையே இல்லை என்று அப்போதும் சொல்லிவிட முடியாது. ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டியிருக்கலாம். ஒருவர் பெயரில் எழுத வேண்டியதை இன்னொருவர் பெயரில் எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. இது தெரிந்தும் அந்தக் காகிதத்தை வைத்துக் கடல் கடந்து தொழில் நடத்தினார்கள். தவறவே தவறாத அறிவு அவர்களிடம் இருந்ததில்லை. தவறினால் வெளியே தெரியும்படி அமைத்த அறிவு இருந்தது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

ஹியூம் எழுப்பிய இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது, எங்கள் ஊருக்கு வலியும் தரக்கூடியது. நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்று எப்படித் தெரியும்? 'இதுவரை அப்படித்தானே நடந்தது' என்றுதான் பதில் சொல்ல முடியும். ஆனால் கேள்வியே, இதுவரை நடந்ததை வைத்து இனிமேல் நடப்பதைச் சொல்லலாமா என்பதுதான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கீழ் பர்மாவின் அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. தலைமுறை தாண்டியும் நெல் விளைந்தது, கடன் திரும்பியது. நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தவர்களுக்கு அது கண்ட உண்மை. 1930 வாக்கில் நெல் விலை சரிந்தது. வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. வேண்டியது பணம், வந்து சேர்ந்தது நிலம். 1930களின் இறுதிக்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் பெயருக்கு வந்திருந்தது. 'நிலம் எங்கே போகும்' என்பார்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. நிலம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் நம்பியது மடமையா? அறுபது வருஷச் சான்று கையில் இருந்தது. நல்ல காரணத்தோடு நம்பிய ஒன்றும் பொய்யாகலாம். நிலத்தை இழந்த பர்மிய உழவர்களுக்கும் இதே கேள்வி இருந்திருக்கும்: அடுத்த வருஷ விளைச்சலில் கட்டிவிடலாம் என்று அவர்களும் கடந்த வருஷங்களை வைத்துத்தானே நம்பினார்கள்.

இதுவரை மூன்று சொற்களைக் கலந்து பேசிவந்திருக்கிறேன்: நம்பிக்கை, உண்மை, சான்று. ஒன்றை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க சான்றும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று நெடுங்காலம் கருதிவந்தார்கள். 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கத்தில் எழுதிய கட்டுரை, இந்த மூன்றும் இருந்தும் அறிவு இல்லாமல் போகலாம் என்று காட்டியது. நம் பக்கத்து அறிஞர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டு பௌத்தரான தர்மோத்தரர் சொன்னது இது. தொலைவில் ஒருவர் இறைச்சி வாட்ட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார், இன்னும் புகை எழவில்லை. இறைச்சி மணத்துக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. அந்த மொய்ப்பைப் புகை என்று எண்ணி, 'அங்கே நெருப்பு இருக்கிறது' என்கிறான் ஒருவன். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவன் அறிந்தானா? பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸ்ரீஹர்ஷர் இன்னும் சுருக்கமாகக் கேட்டார்: மூடிய கையில் எத்தனை சோழி என்றால் ஒருவன் 'ஐந்து' என்கிறான், திறந்தால் ஐந்து. சோழி உருட்டித் தாயம் ஆடிய எங்கள் ஆச்சிமாரிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். சரியாகச் சொல்லிவிட்டான், தெரிந்து சொல்லவில்லை.

இதையெல்லாம் தம்பி மகளிடம் அன்று சொல்லவில்லை. அவளோ அதற்குள் பேரேடுகளைப் புரட்ட ஆரம்பித்திருந்தாள். பழைய எழுத்தை அவளால் வாசிக்க முடியாது. நான் வாசிக்க, அவள் பக்கம் திருப்பினாள். வீடு கட்டியதற்கு வெகுகாலம் பிந்திய ஒரு புத்தகத்தில் பழுதுபார்த்த செலவு வந்தது. மழைத்தண்ணீர் பட்டு அடி இற்றுப்போன வடகிழக்கு மூலைத் தூண் ஒன்றை மாற்றியதாகவும், தேவகோட்டையில் பிரித்த ஒரு வீட்டின் தூணை வாங்கி நட்டதாகவும் பதிந்திருந்தது. வடகிழக்கு மூலைத் தூண், அவள் காலையில் கட்டிக்கொண்டு நின்ற தூண்.

ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர், அந்தத் தூணின் போதிகை, அதாவது உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் செதுக்கிய கட்டை, மட்டும் மற்றவற்றிலிருந்து வேலைப்பாட்டில் சற்று மாறுபட்டிருப்பதைச் சுட்டினார். நாற்பது வருஷமாக நான் அதைப் பார்த்திருக்கிறேன், கண்டதில்லை.

வந்த தூணும் பர்மாத் தேக்குதான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காலையில் நான் சொன்னது உண்மை. நம்பித்தான் சொன்னேன். பேரேட்டுச் சான்றும் உண்டு. ஆனால் அந்தச் சான்று இற்றுப்போன பழைய தூணைப் பற்றியது. பூச்சி மொய்ப்பைப் புகை என்று எண்ணியவனைப் போல நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தூணைப் பொறுத்தவரை எனக்குத் தெரியாது என்பதே நேர்மையான விடை.

இங்கே ஒரு சறுக்கல் உண்டு, அதைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 'பாத்தீங்களா, எதுவுமே உறுதியில்ல, ஆளாளுக்கு ஒரு உண்மை' என்று கையை விரித்துவிடுவது. எங்கள் வீடுகளின் சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்பது கொத்தனார்கள் வழிவழியாகச் சொல்வது. ஒரு வீட்டுக்கு இத்தனை லட்சம் முட்டை என்று எண்ணிக்கையோடு வாட்ஸ்ஆப்பில் வரும் செய்தி வேறு. எண்ணியது யார், எழுதிவைத்தது எங்கே என்று கேட்டால் அதற்கு முகவரி இராது. இரண்டும் ஐயத்துக்குரியவை என்பதால் இரண்டும் சமமாகிவிடுமா? பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயில் எப்போது குடையப்பட்டது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். அங்குள்ள பழைய கல்வெட்டின் எழுத்து வடிவத்தை வைத்துக் கணிக்கிறார்கள். நூற்றாண்டில் வேறுபாடு இருப்பதால், அது போன தலைமுறையில் செய்தது என்று ஒருவர் சொன்னால் ஏற்றுக்கொள்வோமா?

மீண்டும் மணிமேகலைக்கு வருகிறேன். அளவைகளைச் சொன்ன அளவைவாதி பிழைபட்ட அறிவுகளையும் எட்டாகப் பிரித்துச் சொல்கிறான். தொலைவில் நிற்பது தறியோ (நட்டுவைத்த கட்டையோ) மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமல் அந்தத் தறியை மனிதன் என்றே முடிவுகட்டுவது தேராது தெளிதல். இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஐயம் மட்டும் உயர்ந்தது என்று அவன் கருதவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கும் வழி இருக்கும்போது தொலைவிலேயே நின்று 'யாருக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டிருப்பதும் குறைதான்.

ஐயப்படுவதற்கும் காரணம் வேண்டும் என்பதை ஆழமாக யோசித்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன். 1951இல் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை இதைப் பற்றிக் குறிப்பெழுதினார். கதவு திரும்ப வேண்டுமானால் கீல் இடம் மாறாமல் நிற்க வேண்டும். நாம் கேள்வி கேட்பதும் ஐயப்படுவதும் சிலவற்றைக் கேள்விக்கு வெளியே நிறுத்திக்கொண்டுதான் என்றார். எங்கள் முகப்புக் கதவில் கீல் கிடையாது, மரக்குடுமி கல் குழியில் சுழலும். தூணைப் பற்றி நாங்கள் அன்று அத்தனை கேள்வி கேட்டோமே, அப்போது தமிழ் எழுத்துகளுக்கு அந்தந்த ஒலிதான், நேற்று இருந்த வீடுதான் இன்றும் இருக்கிறது என்பவற்றை யாரும் கேட்கவில்லை. அவற்றைக் கேட்டிருந்தால் பேரேட்டின் அந்த வரியை வாசித்தே இருக்க முடியாது. அந்தக் குழி நிரந்தரமா என்றால், குழியும் தேயும், மாற்றவும் செய்வோம். ஆனால் கதவைத் திறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் மாற்ற முடியாது.

ஆகவே அவள் கேட்டதற்கு என் பதில் இப்போது இது. ஏஜெண்டின் கணக்கை முதலாளி அறிந்த அர்த்தத்தில், தூண்கள் தேக்கு என்று எனக்குத் தெரியும். டெக்கார்ட் கேட்ட அர்த்தத்தில் தெரியாது, அந்த அர்த்தத்தில் தெரிந்துகொள்ளாததால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பர்மா என்பதற்கு நல்ல சான்று உண்டு. வடகிழக்குத் தூணுக்கு மட்டும் அந்தச் சான்று இல்லை. வீடு பார்க்க வருகிறவர்களிடம் இப்போது இப்படித்தான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகிறது. சிலர் பாதியிலேயே போட்டோ எடுக்கப் போய்விடுகிறார்கள்.

சென்னைக்குத் திரும்பிய மறுவாரம் அவள் போன் செய்தாள். "மத்த பதினொரு தூணோட போதிகையையும் பாத்துட்டீங்களா பெரியப்பச்சி?"

ஏணி போட்டு ஐந்து பார்த்திருக்கிறேன். தெற்குப் பக்கம் இன்னும் பாக்கி.